இதயமுடுக்கி என்றொரு பிழைச்சொல்

கலைச்சொல்லாக்கத்தில் நேரும் பிழைகளை நாம் பெரும்பாலும் அழகியல் குறைகளாகவே பேசி வந்திருக்கிறோம். சொல் நீளமாக இருக்கிறது, நாவில் புரள மறுக்கிறது, வடமொழி கலந்திருக்கிறது என்பன போன்ற குற்றச்சாட்டுகளோடு அவ்வுரையாடல் முடிந்துவிடும். ஒரு சொல், நல்ல நிலையில் இருக்கும் ஒரு மனிதனை அவனுடைய வேலையிலிருந்து விலக்கி மூலையில் உட்கார வைக்கக்கூடும் என்று எவரும் எழுதி நான் படித்ததில்லை. 'பேஸ்மேக்கர்' என்பதற்கு நம் கலைச்சொல்லாளர்கள் தந்திருக்கும் 'இதயமுடுக்கி' அப்படிப்பட்ட ஒரு சொல் என்பது என் கட்சி. தமிழ் படித்தவன் என்ற முறையிலும், 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து அக்கருவியை வலப்பக்கக் காறையெலும்புக்குக் கீழே சுமந்து திரிபவன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன்.

முடுக்குதல் என்றால் விரைவுபடுத்துதல். இயற்பியல் பாடநூல்களில் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். பழைய தலைமுறையினர் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையும் முடுக்குதல் என்பார்கள். இவ்விரண்டில் எப்பொருளைக் கொண்டாலும் கேட்பவர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுதான்: தானாக ஓடும் திராணியற்ற இதயம், அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டோ சாவி கொடுத்துக்கொண்டோ இருக்கும் ஓர் இயந்திரம். சாவி தீர்ந்தால் ஆள் தீர்ந்தார். "சார் இப்ப பேட்டரியில ஓடுதாவ" என்று எங்கள் கல்லூரி அலுவலக உதவியாளர் வேடிக்கையாகச் சொன்னாரே, அது இச்சொல்லின் நேர்ப்பொருள்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

அக்கருவி செய்வது வேறு. இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு சிறு திசுத்தொகுதி இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் 1907 இல் அதை விவரித்தார்கள். அதற்கு ஓராண்டு முன்னரே, மேலறையிலிருந்து கீழறைக்கு அம்மின்துடிப்பைக் கடத்தும் கணுவைப் பற்றி ஜப்பானியரான சுனாவோ தவாரா எழுதியிருந்தார். தொடங்கும் கணு சோர்ந்தாலோ கடத்தும் பாதை அறுந்தாலோ துடிப்பு நிமிடத்துக்கு நாற்பது, முப்பது என்று இறங்கும். சிலருக்குச் சில நொடிகள் நின்றும் போகும். அந்நொடிகளில்தான் மயங்கி விழுகிறோம். பேஸ்மேக்கர் ஒவ்வொரு துடிப்பையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. உரிய இடைவெளிக்குள் இதயம் தானே துடித்துவிட்டால் அது வாளாவிருக்கும். துடிப்பு வரத் தாமதமானால் மட்டும், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு மெல்லிய மின்தூண்டல் ஒன்றை அனுப்பும். சுருங்குவதும் விரிவதும் குருதியை இறைப்பதும் இதயத் தசையின் வேலை. அவற்றை அத்தசையே செய்கிறது. (எழுத்தொலியின் கால அளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்த தொல்காப்பியருக்கு இக்கணக்கு பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.)

நாகசுரக் கச்சேரியில் கைத்தாளம் போடுபவரை இதற்கு ஒப்பிடலாம். இது தமிழாசிரியனின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். 1957 இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் பேக்கன் என்ற பொறியாளர், உடலுக்கு வெளியே அணிந்துகொள்ளத்தக்க, மின்கலத்தில் இயங்கும் பேஸ்மேக்கரைச் செய்தார். அதுவரை இருந்தவை சுவர் மின்சாரத்தை நம்பியவை. ஒரு மின்தடைக்குப் பிறகு வால்டன் லில்லஹை என்ற அறுவை மருத்துவர் கேட்டுக்கொண்டதால் அவர் இம்முயற்சியில் இறங்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மின்சுற்று, இசை பயில்வோருக்குத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமுக்காக ஒரு மின்னணு இதழில் வெளிவந்தது. ஆகவே இக்கருவிக்கும் தாளத்துக்கும் உறவு பிறப்பிலேயே உள்ளது. முடுக்குவதோடு அதற்குள்ள உறவுதான் நாம் ஏற்படுத்தியது. வாயில்காப்பான் என்பதுபோலத் 'துடிப்புகாப்பான்' என்று சொல்லலாமே என்றாள் என் மாணவி ஒருத்தி. எனக்கு அது பிடித்திருக்கிறது. அகராதிக்காரர்கள் ஏற்பார்களா என்பது வேறு சங்கதி.

உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கரின் வரலாற்றை இங்கே சொல்லியாக வேண்டும். சுவீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன் ஒரு நாளைக்குப் பலமுறை நினைவிழந்து விழுந்துகொண்டிருந்தார். வயது 43. (எனக்குப் பொருத்தியபோதும் அதே வயது, தற்செயல்தான்.) அவருடைய மனைவி எல்சே மரியே, ஆய்வுநிலையிலேயே இருந்த ஒரு கருவியை அவருக்காகச் செய்து தரும்படி அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் நச்சரித்தார். மனிதருக்குப் பொருத்தும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை என்ற பதிலை அப்பெண்மணி ஏற்கவில்லை. எல்ம்க்விஸ்ட் காலணி மெருகு டப்பாவை வார்ப்பச்சாகக் கொண்டு, மின்னணுப் பாகங்களைப் பிசினில் உறையவைத்து இரண்டு கருவிகளைச் செய்தார். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் முதற்கருவி வைக்கப்பட்டது. அது சில மணி நேரமே உழைத்தது. மாற்றாக வைக்கப்பட்டதும் நெடுநாள் நீடிக்கவில்லை. பிறகு ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றி, மொத்தம் 26 கருவிகள். லார்சன் தம் வேலைக்குத் திரும்பினார், பயணம் செய்தார், பிற நோயாளிகளுக்காகப் பேசினார். 2001 டிசம்பரில், 86 ஆம் வயதில், தோல் புற்றுநோயால் இறந்தார். 1996 இல் மறைந்த பொறியாளரையும் 2000 இல் மறைந்த அறுவை மருத்துவரையும் தாண்டி வாழ்ந்தவர் அவர். 'பேட்டரியில் ஓடியவர்' என்று அவரை யாரேனும் சொல்லத் துணிவார்களா?

நம்மிடையே குழப்பத்தை இன்னும் பெருக்கும் மற்றொரு சொல் 'பிளாக்'. எங்கள் பெரியம்மா மருத்துவமனைக்கு வந்து கேட்டது நினைவிருக்கிறது: "ஹார்ட்ல பிளாக்குன்னாவளே, ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சா சரியாயிரும்லா? எதுக்குய்யா இந்தப் பேட்டரி? முதல்ல எண்ணெய்ப் பலகாரத்த விடு." இதயத்துக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியில் ஏற்படும் அடைப்பும் பிளாக், மின்துடிப்பு கடத்தும் பாதையில் ஏற்படும் தடையும் பிளாக். முன்னது குழாய் வேலை, பின்னது மின்கம்பி வேலை. எனக்கிருந்தது பின்னது. எண்ணெய்ப் பலகாரத்துக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு மாரடைப்பு வராது என்ற நம்பிக்கையும் இக்குழப்பத்தின் பிள்ளைதான். வரலாம். தாளம் போடுபவர் இருப்பதால் நாகசுரத்தின் சீவாளி கிழியாமல் இருந்துவிடுமா?

இது வெறும் சொல்வம்பாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கடத்தல் தடையால் மயங்கி விழுபவர்களில் பலர் முதலில் வேறு நோய்களின் பெயரால் மருந்து உண்கிறார்கள். வலிப்பு என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்றவர்கள் இருக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் சோகை, பட்டினி விரதம், ஊருக்கேற்பப் பேய். எனக்கே முதலில் தலைசுற்றலுக்கான மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார்கள்; ஒரு மாதம் விழுங்கினேன். நாடி பிடித்துப் பார்ப்பதை ஒரு மருத்துவக் கலையாகவே வளர்த்தெடுத்த நாட்டில், மயங்கி விழுந்தவரின் மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வாத பித்த கபம் பிரித்தறிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். விழித்திருக்கும் சராசரி மனிதருக்கு அறுபதுக்கும் நூறுக்கும் இடையில் இருக்க வேண்டியது நாற்பதுக்குக் கீழே இருந்து, அவர் மயங்கியும் விழுகிறார் என்றால், அன்றே மின் இதய வரைவு எடுத்தாக வேண்டும். அது மாவட்ட மருத்துவமனைகளில் எல்லாம் உள்ள வசதி. என் நாடி அன்று 34.

இனி, ஐம்பதுக்குள் இருந்து, ஓடியாடி வேலை செய்கிற ஒருவருக்கு இக்கருவி வைக்கவேண்டும் என்று முடிவானால் என்ன செய்வது? மருத்துவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவது நம் வழக்கம். எழுபது வயதுக்காரருக்கு வைப்பதும் நாற்பது வயதுக்காரருக்கு வைப்பதும் ஒன்றல்ல என்பதால் சிலவற்றை நாமே கேட்டாக வேண்டும். முதற்கேள்வி, ஏன் வந்தது என்பது. முதுமையில் மின்பாதை தேய்ந்து நார்த்திசுவாக மாறுவது இயல்பு. இளைய வயதில் அப்படி என்று விட்டுவிடக்கூடாது. இதயத்தில் காசநோயோ சார்காய்டோசிஸ் என்ற அழற்சிநோயோ மறைந்திருக்கலாம். அதற்கான காந்த ஒத்ததிர்வுப் படத்தைக் கருவி வைப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்வது எளிது, படமும் தெளிவாக விழும். அடுத்தது, மின்கம்பியின் நுனியை எங்கே பதிக்கப்போகிறார்கள் என்பது. வழக்கமாக வலது கீழறையில் பதிப்பார்கள். பல்லாண்டுகள் ஒவ்வொரு துடிப்பும் அங்கிருந்தே தூண்டப்பட்டால் சிலருக்கு இதயம் காலப்போக்கில் தளர்வதுண்டு. அதனால் இதயத்தின் இயல்பான மின்பாதையிலேயே நுனியைப் பதிக்கும் முறை இப்போது பரவி வருகிறது. அம்முறையை வளர்த்தவர்களில் முன்னணியில் நிற்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணிபுரியும் புகழேந்தி விஜயராமன். நளவெண்பா பாடியவரின் பெயர் இத்துறைக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது தமிழாசிரியனுக்கு ஒரு சிறு குதூகலம்.

மூன்றாவது, எந்தப் பக்கம் என்பது. பெரும்பாலோர் வலக்கையர் ஆதலால் இடப்பக்கமே வைப்பது வழமை. நான் இடக்கையால் எழுதுபவன். கரும்பலகையில் எழுதிப் பிழைப்பவன். முன்கூட்டிச் சொன்னதால் வலப்பக்கம் வைத்தார்கள். வீணை வாசிப்பவர், துப்பாக்கி சுடும் பயிற்சி உள்ளவர், தோளில் சுமை தூக்குபவர் ஆகியோரும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் கூட்டத்தாருக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஜோல்னாப்பையின் வார் மிகச்சரியாகக் கருவியின் மேல்தான் வந்து உட்காரும். இருபது ஆண்டுப் பழக்கத்தை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, தோலுக்கடியில் ஒரு சிறு பை போலக் கீறி, சிரை வழியாக மின்கம்பிகளைச் செலுத்தி முடித்துவிடுகிறார்கள். ஓரிரு மணி நேரம். கருவியின் எடை முப்பது கிராமுக்குள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, கனமானதைத் தூக்கக் கூடாது. மின்கம்பி ஊன்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். அதற்காகக் கையை அசைக்காமல் கட்டிப்போட்டால் தோள்மூட்டு இறுகிவிடும். தையலிடம் சிவந்தாலோ வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஓடவேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

ஆறு வாரங்களுக்குப் பிறகு வரும் வாழ்க்கையில்தான் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நான் மிதிவண்டியில் கல்லூரிக்குப் போகிறவன். கருவி வைத்த மூன்றாம் மாதம் மறுபடி மிதிக்கத் தொடங்கினேன். சமதளத்தில் தொல்லையில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியதும் யாரோ மின்விசையை அணைத்தாற்போல் கால்கள் சட்டென்று ஓய்ந்துவிடும். பயந்துபோய் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். பரிசோதனையின்போது காரணம் தெரிந்தது. என் மேலறை உழைப்புக்கேற்ப வேகமாகத்தான் துடிக்கிறது. அதைப் பின்தொடர்ந்து கீழறையைத் தூண்டும் கருவிக்கு நிமிடத்துக்கு 130 என்று ஒரு மேல்வரம்பு வைக்கப்பட்டிருந்தது. அவ்வரம்பைத் தாண்டியதும் கருவி சில துடிப்புகளை விட்டுவிடுகிறது. மேலும் வேகம் கூடினால் இரண்டுக்கு ஒன்று என்று பாதியாகக் குறைந்துவிடுகிறது. அது தாத்தாக்களுக்குப் போதுமான வரம்பு. என்னை நடைப்பட்டையில் ஓடவிட்டுப் பார்த்து, வரம்பை 160 ஆக உயர்த்தினார்கள். ஒரு காந்தத்தலைக் கருவியை மார்பின்மேல் வைத்துக் கணினியில் சில எண்களை மாற்றிய அவ்வளவுதான். கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை. அன்று மாலை ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறினேன். களைப்பாக இருக்கிறதென்றால் 'கருவி வைத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளாமல், எந்த வேலையின்போது, எந்தக் கணத்தில் என்று குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால், பல நேரம் அது எண்களைத் திருத்தித் தீர்க்கக்கூடிய சங்கதியாக இருக்கும்.

தொடக்கக் கணுவே சோர்ந்துபோனவர்களுக்குச் சிக்கல் வேறு. உழைப்பு கூடுவதைக் கருவியே உணர்ந்து துடிப்பை ஏற்றவேண்டும். அதற்காக உள்ளே உடலசைவை அளக்கும் முடுக்கமானி ஒன்று வைத்திருக்கிறார்கள். (ஆக, அந்தச் சொல்லுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது!) நடந்தால் மார்பு அசையும், கருவிக்குத் தெரியும். மிதிவண்டி ஓட்டும்போதோ கால்தான் உழைக்கிறது. மார்பு அசையாமல் இருக்கிறது. கருவி நம்மைச் சாய்வுநாற்காலியில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. மூச்சின் அளவைக் கொண்டு உழைப்பை அறியும் உணரிகளும் உள்ளன. ஆகவே என்ன விளையாடுகிறோம், என்ன வேலை செய்கிறோம் என்பதைக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்வது வீண்பேச்சாகாது.

வீட்டுக்குள் அஞ்சுவதற்கு அதிகமில்லை. மிக்ஸியும் கிரைண்டரும் ஒன்றும் செய்யா. தூண்டல் அடுப்பிலிருந்து மட்டும் கருவி இரண்டடி தள்ளியிருக்க வேண்டும். கைபேசியை மார்புப் பையில் வைக்காமல், அரையடியாவது விலக்கி, எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசவேண்டும். 2020 இல் வந்த ஐஃபோன் 12 போன்ற, முதுகில் காந்தவளையம் பதித்த கைபேசிகளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுப்பது ஆகாது. காந்தம் நெருங்கினால் கருவி கேட்பதை நிறுத்திவிட்டுக் குருட்டுத்தனமாக ஒரே கதியில் தட்டத் தொடங்கிவிடும், விலக்கினால் திரும்பிவிடும். பற்றவைப்புப் பட்டறைப் பக்கம் போகவேண்டாம். கோயில் வாசல்களிலும் விமான நிலையத்திலும் உள்ள உலோகச் சட்டத்தின் வழியே நிற்காமல் நடந்து போகலாம். கையில் பிடித்துத் தடவும் கருவியை மார்பின்மேல் நிறுத்திவைக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்லலாம். அவ்வளவே. என் பட்டியலைவிட உறவினர்கள் தரும் பட்டியல் எப்போதும் நீளமானது.

மரணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். 'உயிர் போகும் நேரத்தில் இந்தக் கருவி போகவிடாமல் இழுத்துக்கொண்டு கிடக்குமோ' என்று என் துணைவி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்படி ஆகாது. உடல் தளர்ந்து இறக்கும்போது தசை தூண்டலுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடும். கருவி யாருமற்ற பந்தலில் தாளம் தட்டிக்கொண்டிருக்கும். எரியூட்டும் முன் அதை அகற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். சூட்டில் அதன் லித்தியம் மின்கலம் வெடிக்கும். தகன மேடையில் நிற்பவருக்குக் காயம் நேரலாம். மின்கலத்தின் ஆயுள் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் என்கிறார்கள். தீர்வதற்குப் பல மாதங்கள் முன்பே கருவி எச்சரிக்கை காட்டும். கம்பிகள் நன்றாக இருந்தால் கருவியை மட்டும் மாற்றுவார்கள். ஆயுள் இருந்தால் மூன்று நான்கு முறை அவ்வறைக்குள் போய்வர வேண்டியிருக்கும்.

கருவியோடு வாழ்வது எனக்குக் கடினமாக இல்லை. அதன் பெயரோடு வாழ்வதுதான் கடினம். பணிக்குத் திரும்பிய அரையாண்டில், ஆறு ஆண்டுகளாக நான் வகித்துவந்த நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பிலிருந்து 'உடல்நலன் கருதி' விடுவிக்கப்பட்டேன். ஆண்டுதோறும் ஒரு சிற்றூரில் ஏழு நாள் முகாம். குளம் தூர்வாருவதும் மாலையில் மரத்தடியில் மாணவர்களோடு பேசுவதுமாக, என் ஆசிரிய வாழ்வில் நான் மிக விரும்பிய ஏழு நாட்கள் அவை. எவ்விதத் தடையும் வேண்டியதில்லை என்று இதய மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அது சரி சார், நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். என்மேல் உண்மையான பரிவு உள்ளவர்கள். பரிவு என்பதாலேயே அதனோடு வாதாட முடியவில்லை.

இருந்தும் இதைக் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் ஆசிரியர் அறையில் பதினாறு பேர் இருக்கிறோம். இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது அளந்தோம் என்று சொல்லத் தெரியாதவர்கள் பாதிப்பேர். படியேறினால் நின்று மூச்சு வாங்குகிறவர் இருவர். அவர்களில் ஒருவர்தான் இப்போது முகாமை நடத்துகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் துடிப்பின் கணக்கு முழுவதும் படிக்கப்பட்டு, அச்சிட்டுக் கையில் தரப்படுகிறது: எத்தனை விழுக்காடு தூண்டப்பட்டது, எந்நாள் எந்நேரம் தாளம் பிசகியது, மின்கலம் இன்னும் எத்தனை ஆண்டு வரும் என்பது உட்பட. பதினாறு பேரில் தன் இதயம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எழுத்தில் காட்டக்கூடியவன் நான் ஒருவன். அவ்வச்சுப்படிகளில் கடைசி மூன்றை மருத்துவரின் கடிதத்தோடு இணைத்து மறுபடியும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் 'இதயமுடுக்கி' என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன்.